பழைய கல்ட் திகில் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி: எட்டுப் படங்களில் ஒரு முழுமையான வழிகாட்டி

யாரோ ஆர்வமாகப் பேசியதைக் கேட்டு, ஒரு ராத்திரி பழைய திகில் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று எழுந்து போனவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தப்பு படத்தில் இல்லை. கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் பாதி வெட்டுப்பட்ட மங்கல் பிரிண்டில் பார்த்திருப்பார்கள். வரிசை, பிரிண்ட் இரண்டையும் சரிசெய்தாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இங்கே சொல்லப்போவது 1950களின் கடைசியிலிருந்து 1970களின் கடைசி வரை குறைந்த காசில் எடுக்கப்பட்ட திகில் படங்களைப் பற்றி. பெரிய கூட்டம் கொண்டாடாவிட்டாலும் ஒரு சின்ன ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடுவதால் இவற்றைக் 'கல்ட்' படங்கள் என்பார்கள். அதில் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற வகையும் சேர்த்தி. பெரிய நடிகர் இல்லை, பெரிய செட் இல்லை. ரத்தம், பிணம், போதை, பலான சமாச்சாரம் என்று பரபரப்பான ஏதோ ஒன்றை மட்டும் போஸ்டரில் பெரிதாகப் போட்டு டிக்கெட் விற்ற படங்கள் அவை. மொத்தம் எட்டுப் படம். வாரத்துக்கு இரண்டு என்று வைத்தால் ஒரு மாதத்தில் முடியும்.

1. உட்காரும் முன் செய்ய வேண்டியவை

அறையை இருட்டாக்குங்கள். பயம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இந்தப் படங்களில் விளக்கு வாங்கவே காசு கிடையாது. திரையில் பாதி இடம் கறுப்பாகவே கிடக்கும். அந்தக் கறுப்பில் உங்கள் வீட்டு ட்யூப்லைட் பிரதிபலித்தால் எதுவும் தெரியாது.

அடுத்தது டிவி செட்டிங். படத்தை வழுவழுப்பாக ஓடவைக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' இப்போதைய டிவிகள் பலவற்றில் ஏதோ ஒரு பெயரில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம். டிவி இடையில் தானாக ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும்போது எல்லாமே மத்தியான சீரியல் மாதிரி ஆகிவிடும். 'நாய்ஸ் ரிடக்ஷன்' இருந்தால் அதையும் அணையுங்கள். சின்ன ஃபிலிமில் எடுத்த படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரிவதுதான் படத்தின் தோல். அதைத் துடைத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை போல ஆகிவிடும். 'விவிட்' வேண்டாம், 'சினிமா' மோட் போதும்.

பழைய படங்களில் பல கிட்டத்தட்ட சதுரமானவை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். ஸ்கிரீனை நிரப்ப ஜூம் செய்தால் தலையும் காலும் போய்விடும்.

போனை வேறு அறையில் வையுங்கள். குறைந்த செலவுப் படங்களில் யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள், காரோட்டிக்கொண்டே இருப்பார்கள். நடப்பதைப் படம்பிடிக்கச் செலவில்லை, அதனால்தான். கை போனுக்குப் போவது சரியாக அந்த இடங்களில்தான். நல்ல படமாக இருந்தால் பயம் மெல்ல ஏறுவதும் அதே இடங்களில்தான்.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு. படம் தொடங்கும் முன் எந்த வருடம், எவ்வளவு காசு, எத்தனை நாள் என்ற மூன்றையும் தேடி எழுதிவையுங்கள், கிடைத்தவரை போதும். இது இருந்தால் "ஏன் இவ்வளவு மட்டமா இருக்கு?" என்ற கேள்வி போய், "கையில இருந்ததை வெச்சு என்ன பண்ணியிருக்காங்க?" என்ற கேள்வி வரும். இந்தப் படங்களின் ருசி முழுக்க அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அது இல்லாமல் பார்ப்பவர்களுக்கு அட்டைக் கல்லறையும் ஆடுகிற சுவரும் மட்டும்தான் கண்ணில் படும்.

2. எது வேண்டாம் என்று முதலில் முடிவெடுங்கள்

எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1970களின் எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களில் பாலியல் வன்முறை சர்வசாதாரணம். சில படங்களில் நிஜமாகவே மிருகங்களைக் கொன்றிருக்கிறார்கள். 1980இல் வந்த 'கன்னிபல் ஹோலோகாஸ்ட்' அப்படிப்பட்டது. அதன் இயக்குநர் ருஜேரோ தியோதாத்தோமீது இத்தாலியில் வழக்கே நடந்தது. நடிகர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டிய நிலை. நடிகர்கள் பிழைத்தார்கள், ஆமை பிழைக்கவில்லை. இந்த வழிகாட்டியில் அந்தப் படம் இல்லை.

உங்களுக்கு எது தாங்காது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முன் உள்ளடக்க எச்சரிக்கையைப் படியுங்கள். கதை தெரிந்துவிடுமே என்ற கவலை இங்கே வேண்டாம். இந்தப் படங்களின் கதை பெரும்பாலும் போஸ்டரிலேயே இருக்கும். இன்னொன்று, இவை எல்லாமே பெரியவர்களுக்கான படங்கள். வீட்டில் குழந்தைகள் தூங்கியபின் போடுங்கள்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1980களில், வீடியோ கேசட்டில் வரும் வன்முறைப் படங்களை 'வீடியோ நாஸ்டி' (அருவருப்பான வீடியோ) என்று சொல்லி ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. 1984இல் வீடியோவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அரசு வழக்குத் துறையின் பட்டியலில் வெவ்வேறு சமயங்களில் மொத்தம் 72 படங்கள் இருந்தன. அந்தப் பட்டியலை எடுத்து, ஒன்று ரெண்டு என்று டிக் அடித்துக்கொண்டே பார்க்க ஆரம்பிப்பார்கள். அது எந்தக் கேசட்டின்மீது வழக்குப் போடலாம் என்று பார்த்தவர்கள் தயாரித்தது, ரசிகர்கள் தயாரித்தது இல்லை. அதில் தூக்கம் வரவைக்கும் படங்கள் எக்கச்சக்கம்.

3. பிரிண்டைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

பழைய குறைந்த செலவுப் படங்களில் பல பொதுவுடைமை ஆகிவிட்டன, அதாவது அவற்றுக்கு இப்போது காப்புரிமை கிடையாது. 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) பிரபலமான உதாரணம். அதற்கு முதலில் வேறு தலைப்பு இருந்தது. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது, அந்தத் தலைப்பு அட்டையோடு ஒட்டியிருந்த காப்புரிமை வாசகமும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வாசகம் இல்லையென்றால் உரிமை இல்லை. விளைவு, யார் வேண்டுமானாலும் எந்தக் கண்றாவிப் பிரதியையும் எடுத்துப் போடலாம், போட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பது நமக்கு வசதிதான். ஆனால் தேடியதும் முதலில் வருவது கேசட்டிலிருந்து எடுத்ததிலிருந்து மறுபடி எடுத்ததாக இருக்கும்.

எனவே இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில் ஓடும் நேரம். படத்தின் முழு நீளம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் உடனே வெட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். ஐரோப்பாவின் பழைய டிவி முறையான 'பால்' (PAL) முறை டிவிடிகள் 24 ஃப்ரேமை 25ஆக ஓட்டும், அதனால் படம் 4 சதவீதம் சுருங்கும். 96 நிமிடப் படம் 92 நிமிடம் காட்டினால் பயமில்லை. 80 நிமிடம் காட்டினால் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, தலைப்பு அட்டை. எழுத்துகளின் இரண்டு ஓரமும் முழுசாகத் தெரிகிறதா பாருங்கள். ஓர எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தால் படம் முழுக்க இரு பக்கமும் வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வினாடியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஏதாவது ஓர் இரவுக் காட்சிக்குத் தாவுங்கள். கறுப்புக்குள் கோட்டு எது, கதவு எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தால் சரி. எல்லாமே ஒரே மைக்குழம்பாக இருந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

நான்காவது பெயர்க் குழப்பம். ஒரே படத்தை ஊருக்கு ஒரு பெயரில் விற்றிருப்பார்கள். மரியோ பாவாவின் 1971 படம் ஒன்று 'எ பே ஆஃப் பிளட்', 'கார்னேஜ்', 'ட்விட்ச் ஆஃப் த டெத் நெர்வ்' என்று பல பெயர்களில் திரிகிறது. எப்போதும் இயக்குநர் பெயரையும் வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் ஒரே படத்தை இரண்டு முறை வாங்குவீர்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

கடைசியாக, கறுப்பு-வெள்ளைப் படத்துக்குப் பின்னாளில் நிறம் பூசிய பதிப்பு, புதுக் காட்சிகள் சேர்த்த 'ஆண்டுவிழாப் பதிப்பு' எதுவுமே முதல் பார்வைக்கு ஆகாது.

4. முதல் இரவு: ரத்தமே இல்லாத படம்

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்', 1962, 78 நிமிடம். எல்லோரும் ரத்தத்திலிருந்து தொடங்குவார்கள், அது தவறு. ரத்தக் காட்சிகளுக்குக் கண் பழகிவிட்டால் அமைதியான படங்கள் எடுபடாது. அமைதியிலிருந்து ஆரம்பித்தால் பின்னால் வருவது ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறும்.

நோட்டில் எழுத வேண்டியது: இயக்குநர் ஹெர்க் ஹார்வி, கான்சஸில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் பயிற்சிப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். விடுமுறை எடுத்துக்கொண்டு, சுமார் 33,000 டாலரில் எடுத்த படம். யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்திருக்கிறார். அதிலிருந்துதான் படமே பிறந்தது. வெளிறிய முகத்தோடு வரும் ஆவியும் அவர்தான். வேறு ஆளுக்குச் சம்பளம் மிச்சம்!

பார்க்கும்போது ஓர் இடத்தில் கவனம் வையுங்கள். நாயகி மேரி ஒரு துணிக்கடையில் உடை மாற்றப் போகிறாள். வெளியே வந்தால் சத்தம் எதுவும் இல்லை. கடைக்காரி வாயசைக்கிறாள், குரல் இல்லை. தெருவில் வண்டிகள் ஓடுகின்றன, ஓசை இல்லை. யாருக்கும் அவள் கண்ணில் படவில்லை. அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. பூங்காவுக்குள் போய் ஒரு மரத்தடியில் நிற்கும்போது குருவிச் சத்தம் கேட்கிறது, அதோடு உலகம் மொத்தமும் திரும்பி வருகிறது.

இதற்கு என்ன செலவாகியிருக்கும் என்று யோசியுங்கள். ஒலிப்பதிவில் சில தடங்களை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை, மேக்கப் இல்லை. இந்தக் காட்சி உங்களைத் தொட்டுவிட்டால் மிச்சம் ஏழு படத்துக்கும் நீங்கள் தயார். தொடவில்லை என்றாலும் பரவாயில்லை, மூன்றாவது படம் வரை பொறுங்கள்.

இங்கே வழக்கமாக வரும் புகார், "நடிப்பு கட்டையா இருக்கே" என்பது. உண்மைதான், துணைப் பாத்திரங்கள் பலர் உள்ளூர்க்காரர்கள். ஆனால் இந்தக் கதையில் நாயகி மற்ற மனிதர்களோடு ஒட்டவே முடியாதவள். எதிரில் இருப்பவர்கள் மரம் மாதிரிப் பேசப் பேச, அவளுடைய தனிமை கூடுகிறது. திட்டமிட்டதா, தானாக அமைந்ததா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திரையில் வேலை செய்கிறது.

5. இரண்டாம் இரவு: ஒரு வீடு, ஏழு பேர்

'நைட் ஆஃப் த லிவிங் டெட்', 1968, 96 நிமிடம். ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுமார் 1,14,000 டாலரில் எடுத்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மீட்டெடுத்த பதிப்பு இருக்கிறது, அதைத் தேடுங்கள். மங்கல் பிரதியில் ஏற்கெனவே பார்த்தவர்கள்கூட இதில் இன்னொரு முறை பார்க்கலாம். சுவரில் விழும் நிழலெல்லாம் முதல்முறையாகத் தெரியும்.

இதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், இல்லாமையை எப்படி வசதியாக மாற்றினார்கள் என்று இதைப்போலத் தெளிவாகக் காட்டும் படம் குறைவு. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு-வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? வீடு இடிக்கப்போகிற வீடு, அதனால் ஆணி அடிக்கலாம், கதவை உடைக்கலாம், கேட்க ஆளில்லை. இசைக்குத் தனியாக ஆள் வைக்கவில்லை, ஆயத்தமாகக் கிடைக்கும் இசைத் தொகுப்பிலிருந்து எடுத்து ஒட்டினார்கள்.

படத்தின் நடுவில் நாயகன் பென் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டே இருக்கிறான். மேஜையைப் பிரிக்கிறான், கதவைக் கழற்றுகிறான், ஆணி தேடுகிறான். புதிதாகப் பார்ப்பவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். ஓட்டிவிடாதீர்கள். எந்த ஜன்னலில் எத்தனை பலகை, எங்கே இடைவெளி என்று நமக்கே மனப்பாடமாகிறது. கடைசியில் கைகள் உள்ளே நுழையும்போது எந்தப் பலகை முதலில் போகும் என்று நமக்கு முன்பே தெரிந்திருக்கும்.

முடிவைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். கடைசியில் வரும் புகைப்படங்களை மட்டும் எழுத்து ஓடுகிறதே என்று அணைத்துவிடாதீர்கள்.

6. மூன்றும் நான்கும்: சிரிக்கத் தெரிந்த படங்கள்

இரண்டு கனமான படங்களுக்குப் பிறகு கொஞ்சம் இளைப்பாறல் தேவை. வில்லியம் காஸிலின் 'த டிங்லர்' (1959), ராஜர் கோர்மனின் 'த லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்க்கலாம்.

காஸில் படத்தோடு சேர்த்து வித்தையும் விற்றவர். 1958இல் வேறொரு படத்துக்கு, பயத்தில் செத்துப்போனால் 1,000 டாலர் என்று பார்வையாளர்களுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்தார். 'டிங்லர்' ஓடிய தியேட்டர்களில் சில இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டார் பொருத்தினார். இது தெரியாமல் பார்த்தால், நடுவில் திரை இருண்டு, "கத்துங்கள், உயிர் பிழைக்கக் கத்துங்கள்" என்று குரல் வரும் இடம் அசட்டுத்தனமாகத் தெரியும். சீட்டு அதிர்ந்தது அந்த நிமிடத்தில்தான். படத்தின் பாதி தியேட்டரில் இருந்தது, நமக்குக் கிடைத்திருப்பது மிச்சப் பாதி.

இதே படத்தில் குளியலறைக் காட்சி ஒன்று. படம் முழுக்கக் கறுப்பு-வெள்ளை. குழாயிலிருந்து மட்டும் சிவப்பாக ரத்தம் கொட்டுகிறது. தொட்டி நிறைய சிவப்பு, அதிலிருந்து ஒரு கை எழுகிறது. எப்படிச் செய்தார்கள்? அந்தக் காட்சியைக் கலர் ஃபிலிமில் எடுத்தார்கள். அறைக்கும் நடிகைக்கும் சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிவிட்டு, ரத்தத்தை மட்டும் நிறமாக விட்டார்கள். பெயிண்ட் டப்பாதான் செலவு.

கோர்மன் படத்தின் முக்கியக் காட்சிகளை வேறொரு படத்துக்காகப் போட்ட செட்டில் இரண்டு நாளில் எடுத்து முடித்தார்கள். நாயகன் ஒரு பூக்கடை வேலையாள், வளர்ப்பது மனிதரைத் தின்னும் செடி. 72 நிமிடம். இதில் வரும் பல் மருத்துவமனை நோயாளி, இளம் வயது ஜாக் நிக்கல்சன்.

7. ஐந்தும் ஆறும்: இத்தாலிக்குப் போங்கள்

இங்கே புதியவர்களுக்கு இரண்டு இடத்தில் கால் தடுக்கும். முதல் இடம் டப்பிங்.

அந்தக் கால இத்தாலியில் பெரும்பாலான படங்களுக்குக் குரலைப் பின்னால்தான் சேர்த்தார்கள். படப்பிடிப்பில் ஒருவர் இத்தாலியன், ஒருவர் ஆங்கிலம், இன்னொருவர் ஜெர்மன் என்று அவரவர் மொழியில் பேசியிருப்பார்கள். அதனால் வாயசைவு எந்த மொழியிலும் முழுசாகப் பொருந்தாது. 'ஒரிஜினல் மொழி'யில்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை, அப்படி ஒன்று பெரும்பாலும் இல்லவே இல்லை. முக்கிய நடிகர் எந்த மொழியில் வாயசைக்கிறார் என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

சப்டைட்டிலிலும் ஒரு சிக்கல். இத்தாலிய ஒலியைப் போட்டுவிட்டு ஆங்கில டப்பிங் வசனத்தையே சப்டைட்டிலாக வைத்திருப்பார்கள். ஒருவர் நாலு வார்த்தை பேசும்போது கீழே இரண்டு வரி ஓடினால் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாவது படம் மரியோ பாவாவின் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்', 1964. 'ஜாலோ' வகையின் அடித்தளம் இது. ஜாலோ என்றால் மஞ்சள்; 1929 முதல் மொண்டதோரி நிறுவனம் மஞ்சள் அட்டையில் வெளியிட்ட துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த பெயர். முகமூடி, கையுறை, ஃபேஷன் ஹவுஸ், வரிசையாகக் கொலை. கொலைகாரன் யார் என்று துப்பறிந்துகொண்டே பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சுவரில் ஏன் பச்சை, திரைச்சீலையில் ஏன் ஊதா என்று பாருங்கள். பாவா ஒளிப்பதிவாளராக இருந்து வந்தவர். கதையைவிட வெளிச்சத்தின்மேல்தான் அவருக்குக் காதல்.

ஆறாவது, தாரியோ அர்ஜெந்தோவின் 'டீப் ரெட்', 1975. இரண்டாவது தடுக்கும் இடம் இங்கே. முழு இத்தாலியப் பதிப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆங்கிலப் பதிப்பு அதைவிட சுமார் 20 நிமிடம் குறைவு. நான் முதலில் பார்த்தது குட்டிப் பதிப்பு. நாயகனும் பத்திரிகைக்காரியும் எப்படி இவ்வளவு நெருக்கமானார்கள் என்றே புரியவில்லை. வெட்டியதில் பெரும்பகுதி அவர்கள் இருவரும் சீண்டிக்கொள்ளும் காட்சிகள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சரி, முழுப் பதிப்பை ஆங்கிலத்தில் போட்டால்? சில காட்சிகளில் திடீரென்று இத்தாலியன் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நண்பர் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நிறுத்தி, மறுபடி இறக்கி, மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார். ஃபைல் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காட்சிகளுக்கு ஆங்கில ஒலித்தடம் கிடையாது. சப்டைட்டிலை ஆன் செய்துவிட்டுத் தொடருங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் கொலைக்குப் பிறகு நாயகன் அந்த வீட்டின் நீள நடைபாதையில் ஓடும்போது சுவர்களைப் பாருங்கள். பார்த்தது என்ன என்று ஞாபகப்படுத்த முடியாமல் அவன் படம் முழுக்கத் தவிப்பான். நீங்களும் பார்த்திருப்பீர்கள், உங்களுக்கும் ஞாபகம் வராது. முடிந்ததும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நிறுத்திப் பாருங்கள்.

8. ஏழாவது: பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்

'த டெக்ஸஸ் செயின் சா மாசகர்', 1974, டோபி ஹூப்பர். பெயரே ரத்தக்களரி. பார்த்தவர்களிடம் கேட்டால் "அய்யோ, அந்தக் கொக்கி உள்ளே இறங்குமே!" என்பார்கள். இறங்காது. கொக்கி முதுகில் ஏறுவதைப் படம் காட்டவே இல்லை. கொக்கியைக் காட்டுகிறார்கள், பெண்ணைத் தூக்குகிறார்கள், அவள் முகம், கீழே ஒரு பாத்திரம். பாத்திரம் எதற்கு என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

இதை ஏழாவதாக வைத்தது அதனால்தான். முதல் ஆறு படங்களில் காட்டாமல் காட்டும் பழக்கம் கண்ணுக்கு வந்திருக்கும். முதலிலேயே பார்த்தால் வெறும் கூச்சலாகத் தெரியும்.

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதல் கொலை: வாசல் தாண்டி ஒருவன் உள்ளே போகிறான், எதிரே ஓர் உருவம், ஒரு சுத்தியல் அடி, உள்ளே இழுப்பு, இரும்புக் கதவு படாரென்று மூடுகிறது. சில வினாடிதான். அதற்கு முன் இசையில் பயமுறுத்தல் எதுவும் கிடையாது. அடுத்து, அவனைத் தேடி அந்தப் பெண் ஊஞ்சலிலிருந்து எழுந்து வீட்டை நோக்கி நடக்கும் ஷாட். கேமரா ஊஞ்சல் பலகைக்கு அடியில் புகுந்து, தரையோடு அவள் பின்னால் போகிறது. வீடு பெரிதாகிக்கொண்டே வருகிறது. வானம் நீலமாக இருக்கிறது, நல்ல பட்டப்பகல்.

படம் 16 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன ஃபிலிமில் எடுத்தது. புள்ளிகள் அதிகம் தெரியும். முதல் படியில் நாய்ஸ் ரிடக்ஷனை அணைக்கச் சொன்னது இதை மனதில் வைத்துத்தான். சாப்பாட்டு மேஜைக் காட்சியை டெக்ஸஸ் கோடையில், ஜன்னலை மூடிவிட்டு, ஒரு நாளைக்கும் மேலாக ஒரே மூச்சில் எடுத்தார்கள். நடிகர்கள் முகத்தில் வழியும் வியர்வை மேக்கப் இல்லை.

ரத்தத்தைக் காட்டியே விற்ற படம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட விரும்பினால் ஹெர்ஷல் கோர்டன் லூயிஸின் 'பிளட் ஃபீஸ்ட்' (1963) இருக்கிறது. சுமார் 24,500 டாலர், கலரில். இருபது நிமிடம் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். கேமரா நிற்கும், ரத்தத்தைக் காட்டும், மறுபடி நிற்கும். இதுவும் ஒரு வியாபாரம், அன்றைக்கு ஓடியது.

9. 'படுமோசமான படம்' கடைசியில்தான்

எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தை எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். 1980இல் வந்த ஒரு புத்தகம் உலகிலேயே மோசமான படம் என்று பட்டம் கட்டியதிலிருந்து இந்த வழக்கம்.

நான் ஒரு முறை ஐந்து பேரைக் கூட்டி இதில்தான் தொடங்கினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுவாரம் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' போட்டேன், துணிக்கடைக் காட்சியில் சத்தம் நின்றதும் ஒருவர், "ஆடியோவுக்குக் காசில்ல போல!" என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைய ராத்திரி அத்தோடு முடிந்தது. கேலி செய்யும் கண் ஒரு தடவை திறந்துவிட்டால் மூடுவது கஷ்டம்.

கடைசியாகப் பார்த்தால் அதே படம் வேறாகத் தெரியும். நட்சத்திரம் பெலா லுகோசி 1956இல் இறந்துவிட்டார். கையில் இருந்தது அவர் நடித்த சில நிமிடத் துண்டுகள் மட்டும். மிச்சத்துக்கு வுட் தன் மனைவியின் முதுகெலும்பு வைத்தியரைக் கூப்பிட்டு, முகத்தை அங்கியால் மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். உயரம் பொருந்தவில்லை. பணம் ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சைச் சேர்ந்தவர்களிடமிருந்து வந்தது. விமான ஓட்டிகளின் அறையில் ஒரு திரைச்சீலைதான் கதவு. சிரிப்பு வரத்தான் வரும். ஆனால் ஏழு படம் பார்த்தபின், இவருக்கும் ஹெர்க் ஹார்விக்கும் கையில் இருந்த வசதி ஏறக்குறைய ஒன்றுதானே, எங்கே பிரிந்தார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்.

10. கூட்டமாகப் பார்ப்பதென்றால்

இரண்டு படம் சேர்த்துப் போடுவது இந்தப் படங்களுக்குப் பொருத்தம், காரிலேயே உட்கார்ந்து பார்க்கும் திறந்தவெளி டிரைவ்-இன் தியேட்டர்களில் அப்படித்தான் ஓடின. இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அமைதியானது முதலில், ஆரவாரமானது இரண்டாவது. தலைகீழாகப் போட்டால் இரண்டாவது படத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஏழாவது ஆள் வந்தால் கட்டாயம் யாராவது கமெண்ட் அடிக்க ஆரம்பிப்பார். வந்திருப்பவர்களிடம் உள்ளடக்க எச்சரிக்கையை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இருட்டில் எழுந்து போவது யாருக்கும் சங்கடம்.

போஸ்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'ஐ ட்ரிங்க் யுவர் பிளட்', 'ஐ ஈட் யுவர் ஸ்கின்' என்று 1970களின் தொடக்கத்தில் ஒரு ஜோடி ஓடியது. இரண்டாவது, 1964இல் எடுத்து விற்காமல் கிடந்த கறுப்பு-வெள்ளைப் படம். ஜோடி சேர்ப்பதற்காக விநியோகஸ்தர் புதுப் பெயர் வைத்தார். அதில் யாரும் யாருடைய தோலையும் தின்பதில்லை.

11. எட்டும் முடிந்தபின் எந்தப் பக்கம் போவது

நோட்டை எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் எந்த ஷாட் ஞாபகம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். படத்தை மறுபடி ஓட்டிப் பார்க்காமல் எழுத வேண்டும். வரி வராத படத்தின் இயக்குநரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நடைபாதையும் கையுறையும் ஞாபகம் இருந்தால் அர்ஜெந்தோவின் 'சஸ்பீரியா' (1977). டிவியில் நிறத்தைக் கூட்டாதீர்கள், அதில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அதிரும் இருக்கையும் செடியும் ஞாபகம் இருந்தால் காஸில், கோர்மன் இருவரின் மற்ற படங்கள்.

பலகை அடித்த பென் ஞாபகம் இருந்தால், அந்த நடிகர் ட்வேய்ன் ஜோன்ஸ் நடித்த இன்னொரு படம் இருக்கிறது: பில் கன் இயக்கிய 'கான்ஜா அண்ட் ஹெஸ்', 1973. ரத்தக்காட்டேரிப் படம் ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று காசு கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது மெதுவான, விசித்திரமான வேறொன்று. அவர்கள் அதை வெட்டிக் குலைத்து 'பிளட் கப்பிள்' என்று பெயர் மாற்றி விற்றார்கள். அதனால் மூன்றாவது படியை மறக்காதீர்கள். தலைப்பு அட்டையில் 'பிளட் கப்பிள்' என்று வந்தால் உடனே நிறுத்திவிட்டு, நவீனக் கலை அருங்காட்சியகம் மீட்டெடுத்த முழுப் பதிப்பைத் தேடிப் போடுங்கள்.